ஒயர்க்காரன்

பத்தாம் தேதிக்குள் நாலாவது சந்தில்
நாற்பத்தியோரு வீடு.
கையில் ரசீதுப் புத்தகம், காதில் பேனா.
உலகச் செய்திக்கெல்லாம் தாராவியில்
நான்தான் பொறுப்பு என்று
எப்போது முடிவானதோ தெரியவில்லை.

"ஒன் சேனல்ல" என்றுதான் ஆரம்பிப்பார் வேதமுத்து.
"எட்டுக் கட்டம், எட்டுப் பேரு, எட்டுப் பேரும் கத்துறான்.
நம்ம குழாயடியிலகூட
குடத்துக்கு ஒரு வரிசை இருக்குல்லா."
முந்நூற்றுப் பத்தில் பத்தைப் பிடித்துக்கொள்வார்,
காதுக்கு மருந்து வாங்க.

இசக்கியப்பன் இட்லிக்கு அரைப்பது ராத்திரி இரண்டு மணிக்கு.
கிரைண்டர் ஓடும்போது
செய்தி வாசிப்பவருக்கு வாய் மட்டும்தான்.
"இப்படிப் பாத்தா ஒரு குத்தமும் இல்லப்பா,
மூஞ்சியும் சட்டையும் சுத்தமா இருக்கு."

காலேஜ் படிக்கும் ஜெபசிங்:
"எல்லாம் வெலைக்குப் போயிட்டானுவ அண்ணே,
ஒரே ஒரு சேனல்தான் யோக்கியம்."
எது என்று கேட்டேன்.
"அத வாங்கி மூணு வாரம் ஆச்சு."

பாக்கியலெட்சுமிக்குத் தூத்துக்குடி மழை வேண்டும்.
தமிழ்ச் செய்திக்குத் தனிக்காசு என்றாலும்
கொடுத்துவிடுகிறாள்.
அங்கே மூன்று சென்டிமீட்டர் என்று கேட்டுக் கலங்கினாள்
போன ஆடியில்,
இங்கே மிதக்கும் செருப்புகளுக்கு மேலே
கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மெகருன்னிசா குரல் தாழ்த்திச் சொன்னது இது:
"ஒம்பதுலேருந்து பத்து வரைக்கும்
என் வாசலச் சுத்திக்கிட்டுப் போறாங்க.
பத்தரைக்கு, உறைமோர் இருக்கான்னு வர்றாங்க.
அந்த ஒரு மணி நேரத்த மட்டும்
பேக்குலேருந்து எடுக்க முடியுமா?"
முடியாது என்று சொல்லாமலிருக்க
ரசீதை வெகுநேரம் எழுதினேன்.

அமலோற்பவம் நேர்மாறு.
"சண்டை சேனல நிறுத்திராத தம்பி."
மகன் மஸ்கட், மருமகள் மஸ்கட்,
புருஷன் சயான் கல்லறையில்.
ஒன்பது மணி விவாதத்துக்குத்தான் சோறு போட்டுக்கொள்கிறாள்.
விளம்பரம் வந்தால்
பிசைந்த கை அப்படியே நிற்கிறது.

ஜூலையில் ஒரு ராத்திரி
சந்துமுனைச் சுவர் விழுந்தது.
தோல் பட்டறையில் தூங்கிய இரண்டு பையன்கள்.
பீகார் என்றார்கள், பேர் ஒருவருக்கும் தெரியவில்லை.
காலையில் தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு
ஒரு வேன் வந்தது.
நீலக் கோட்டுப் பெண் மைக்கை நீட்டினாள்.
வேதமுத்து கால் மணி நேரம் பேசினார், அழுதார்,
தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்தார்.

சுவரோடு என் ஒயரும் போயிருந்தது.
"லைன் எப்ப வரும்?"
"எட்டு மணிக்குள்ள வந்துருமா?"
பையன்களைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.
தகரக்கூரையில் குந்தி
நனைந்த ஒயரைப் பல்லால் சீவினேன்.
கறுப்புத் தோல், வெள்ளிச் சல்லடை, வெள்ளைச் சதை,
நடுவே ஒரு செம்புக்கம்பி.
விளக்குமாற்றுக் குச்சி அளவுகூட இல்லை.

எட்டுக்கு லைன் வந்தது.
எட்டுக் கட்டத்திலும் ஒரு நடிகரின் கல்யாணக் குதிரை:
அது மிரண்டதா, மிரட்டப்பட்டதா.
அடியில் ஓடிய பட்டையில் ஒரே ஒரு தடவை
நம் சந்து போனது, எண் தப்பாக,
பங்குச்சந்தைக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில்.
"அந்தா" என்றது ஒரு குரல்.
அதற்குள் போய்விட்டது.

அந்த மாதம் ஒருவரும் குறை சொல்லவில்லை.
வேதமுத்து முந்நூற்றுப் பத்தையும் எண்ணிக் கொடுத்தார்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி வீடு அமலோற்பவம்.
தட்டில் சோறு, டிவியில் சண்டை.
"கீழ எடது மூலைல ஒல்லியா ஒருத்தர் இருக்காருல்ல,
மூணு நாளா கையத் தூக்கிட்டே இருக்காரு.
ஒருக்கா பேச விடச் சொல்லேன் நீ."

"சொல்றேன்" என்றேன்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.